சல்வா ரோட்டும் எங்கள் லைசன்சும்

1

இவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஸ்தவாங்கரில் இருக்கும் எங்கள் மகள் ஜெனி போன் எடுத்தாள். என்ன சாப்பாடு செய்வது, யார் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கப்போகிறாள் என நினைத்து நான் பேனையும் துண்டுக் கடதாசியும் எடுத்து வைத்தேன். அவள் கேட்டது வேறு.

“அம்மா, அப்பான்ரை லைசன்ஸ் எப்ப முடியுது எண்டு பாத்தனீங்களே?”

நோர்வேயில் எண்பது வயது என்றால் கேக்கில் மெழுகுதிரி ஏற்றுவதோடு முடிவதில்லை. இந்த ஆள் இன்னும் கார் ஓடலாம் என்று டாக்டர் ஒரு தாள் எழுதித் தரவேண்டும். தராவிட்டால் கார்த் திறப்பை ஆணியில் கொழுவிவிட்டு பஸ்ஸுக்குப் போய் நிற்கவேண்டியதுதான்.

இவர் பக்கத்துக் கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பதுபோல் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“டாக்குத்தர் எனக்குத் தாள் தரவேணுமோ? சல்வா ரோட்டிலை ஏழு வருசம் லொறி ஓடின எனக்கு?”

“அப்பா, டாக்டருக்கு சல்வா ரோட்டைத் தெரியாது.”

“போய்ச் சொன்னாத் தெரியுந்தானே.”

ஜெனி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் காருக்கு நாங்கள் இரண்டு பேரும் மட்டும் சொந்தக்காரர் இல்லை. ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் கட்டடத்தில், எங்களுக்கு ஒரு மாடி கீழே பிலோமினா அக்கா இருக்கிறார். எண்பத்து நான்கு வயது, இரண்டு முழங்காலும் சரியில்லை. அடுத்த கட்டடத்தில் இன்னும் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஸ்ட்ரோம்மனில் மலிவு போட்டால் கடைக்கு, எல்லாவற்றுக்கும் இவருடைய பழைய டொயோட்டாதான். இவர் ஹோட்டல் சலவைக் கூடத்தில் வேலை செய்து பென்சன் எடுத்து நிற்பவர். வேலை விட்ட பிறகு இவரை யாராவது தேடி போன் எடுத்தால் அது காருக்காகத்தான். “தம்பி, நாளைக்கு நேரமிருக்கோ?” என்று அக்கா கேட்டால், “பாப்பம்” என்பார். பார்ப்பதற்கு இவருக்கு வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் “பாப்பம்” என்று சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்கு என்ன நடக்கப்போகிறதோ என்பதுதான் என் பயம்.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு சல்வா ரோட்டைத் தெரிந்திருக்காது. ஒஸ்லோவில் எங்கள் சனம் முழுவதுக்கும் தெரியும். விரும்பித் தெரிந்துகொண்டவர்கள் குறைவு.

சவூதியின் எல்லையில் கடலோரமாக சல்வா என்று ஒரு சின்னப் பட்டணம். அங்கேயிருந்து கட்டாரின் டோஹா நகரத்துக்குப் போகிறது அந்த ரோட்டு. நூறு கிலோமீற்றர் வரும். இரண்டு பக்கமும் வனாந்தரம். எல்லையில் வந்து இறங்கும் சீமெந்தையும் தக்காளிப்பழப் பெட்டிகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் நகரத்தில் இறக்குவதுதான் இளமையில் இவருடைய வேலை. காலையில் போவது, வெயிலுக்குள் ஏற்றுவது, பின்னேரம் திரும்புவது.

நாங்கள் நோர்வேக்கு வந்த புதிதில் ஒரு கலியாண வீட்டில் இவர் இந்தக் கதையைச் சொன்னபோது பயணம் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பிறகு ஒரு பிள்ளையின் முதல்நன்மை விருந்தில் மூன்று மணித்தியாலம். போன வருடம் ஒரு பிறந்தநாளில் ஐந்து மணித்தியாலம் ஆகி, நடுவில் மணற்புயலும் இரண்டு அடித்தது. பெடியள் இவருக்கு ‘சல்வா அண்ணை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரேயே அப்படிக் கூப்பிடுவார்கள். இவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு போவார்.

எனக்கு அந்த ரோட்டு வேறு விதமாகத் தெரியும்.

கலியாணம் கட்டி மூன்றாம் மாதம் இவர் கட்டாருக்குப் போனார். நான் ஊர்காவற்றுறையில் மாமி வீட்டில். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கடிதம் மனைவியின் பேருக்கு வராது. மாமியின் பேருக்கு வரும். மச்சாள், அதாவது இவருடைய தங்கச்சி, விறாந்தையில் நின்று உரத்து வாசிப்பாள். மாமி, மாமா, பக்கத்து வீட்டார் எல்லாரும் கேட்பார்கள், வந்த தபால்காரர்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவார். நான் குசினி வாசலில் நிற்பேன். அப்படி வாசிக்கப்படும் கடிதத்தில் ஒரு மனிசன் மனைவிக்கு என்ன எழுதுவது? கடைசி வரியில் ‘திரேசாவும் சுகமென நம்புகிறேன்’ என்று வரும். மச்சாள் அந்த இடத்தில் ஒரு செருமல் செருமுவாள். நான் உள்ளே போய்விடுவேன்.

மற்ற வரிகள் எல்லாம் ரோட்டுத்தான். இருபதாவது கிலோமீற்றரில் ஒரு வேப்பமரம் தனியே நிற்கிறது, நேற்று அதன் கீழே இருந்து சாப்பிட்டேன். அதற்கு அங்கால் ஒரு பாகிஸ்தான்காரர் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார், ஏலக்காய் போட்டுத் தருவார். அதற்கும் அங்கால் சில்லுக் கழன்ற லொறியொன்று கிடக்கிறது, அதற்குள் ஆட்டுக்குட்டிகள் படுத்திருக்கும். இப்படியே நாலு பக்கம். மாமிக்கு அலுத்துவிடும். “இவன் என்ன ரோட்டுப் போடுற ஓவசியரோ?” என்பார்.

எல்லாரும் போனபிறகு நான் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய், எழுத்துக் கூட்டி, முதலிலிருந்து வாசிப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் வாசிக்க ஒரு மத்தியானம் போகும். ஏழு வருடத்தில் அந்த ரோட்டில் எது எங்கே நிற்கிறது என்பது எனக்குப் பாடம். என்னைக் கண்ணைக் கட்டி அங்கே விட்டிருந்தாலும் தேத்தண்ணிக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன் என்று நினைத்திருந்தேன்.

3

எங்கள் கார் எப்படி ஓடுகிறது என்று இப்போது சொல்லவேண்டும். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

நோர்வேயில் ஒரு விதி இருக்கிறது. குடியிருப்புத் தெருக்களில், பலகையோ விளக்கோ இல்லாத சந்தியில், வலப்பக்கத்தால் வருகிறவருக்கு வழி விடவேண்டும். நீங்கள் அகலமான தெருவில் போனாலும் சரி, அவர் ஒரு சின்ன ஒழுங்கைக்குள்ளிருந்து சைக்கிளில் வந்தாலும் சரி, வலப்பக்கத்தால் வருகிறவர்தான் ராசா. இங்கே கார் ஓட்டுகிறவர் இடப்பக்கம் இருப்பார். வலப்பக்கம் இருப்பது நான்.

இவருக்கு ஐந்தாறு வருடமாகக் கழுத்து நோ. திருப்பினால் முகம் கோணும். அதனால் திருப்புவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார். ஒருநாள் ஸ்ட்ரோம்மனுக்குப் போகும்போது வலப்பக்கத்தால் வந்த சிவப்புக் கார் ஒன்று ஹோன் அடித்து, எங்கள் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. “இந்தப் பெடியளுக்குப் பொறுமை இல்லை,” என்று சொல்லிவிட்டு இவர் போனார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவருக்கு நான் பிழை சொன்னதில்லை. பிழை இல்லை என்பதால் அல்ல. எனக்கு வாய் வராது.

செபமாலை சொல்ல மட்டும் வாய் வரும். காரில் ஏறினால் செபமாலை சொல்வது என் பழக்கம். அந்தச் சிவப்புக் காருக்குப் பிறகு, வலப்பக்கம் ஏதாவது தெரிந்தால் ‘அருள் நிறைந்த மரியே’ என்பது தன்பாட்டில் சத்தமாக வந்தது. சத்தம் கூட, இவருடைய கால் பிரேக்குக்குப் போனது. கொஞ்ச நாளில் அது ஒரு முறையாகிவிட்டது. முணுமுணுத்தால் வழி சும்மா கிடக்கிறது. சத்தம் கூடினால் ஆள் வருகிறது. ‘மரியே’ என்று இழுத்தால் நிற்கவேணும். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொல் கதைத்ததில்லை. இவருக்கு இது தெரியாது என்றும், என் செபத்தின் சத்தம் ஏதோ நரம்பைத் தொட்டுக் கால் தானாகப் போகிறது என்றும் நினைத்திருந்தேன்.

பின்சீற்றில் இருக்கும் பிலோமினா அக்கா ஒருநாள் சொன்னார்: “திரேசா, உனக்கு என்ன பக்தி பிள்ளை. ஒவ்வொரு சந்தியிலையும் உருகுறாய்.”

சுற்றுவட்டம் வந்தால் அக்காவும் சேர்ந்து உருகுவார்.

4

டாக்டர் ஒரு இளம் பெண். எங்கள் ஜெனியை விட வயது குறைவு. நான் வெளியே இருந்தேன், இவர் உள்ளே போனார். உள்ளே நடந்ததைப் பிறகு இவரே பெருமையாகச் சொன்னார். சுவரில் இருந்த எழுத்தை வாசித்தாராம். மணிக்கூடு கீறச் சொல்ல, முள்ளும் போட்டுக் கீறினாராம். இலக்கங்களைக் கோட்டால் தொடுக்கச் சொல்ல, தொடுத்தாராம். பிறகு டாக்டர் கேட்காமலே சல்வா ரோட்டைச் சொன்னாராம்.

“வடிவாய்க் கேட்டவ. அந்த ரோட்டிலை எத்தினை சந்தி எண்டும் கேட்டவ.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஒரு சந்தியும் இல்லை எண்டு சொன்னனான். உடனை எழுதினவ.”

அதற்குப் பிறகுதான் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். நோர்வேக்காரர் நேரே கேட்பார்கள், சுற்றி வளைக்கத் தெரியாது. “நீங்கள் இவரோடு காரில் போவீர்களா?” என்றார். போவேன் என்றேன். “உங்களுக்குப் பயமாக இருக்குமா?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழி கடைக்கும் லிஃப்டுக்கும்தான் போதும். அதில் இவருக்கு உதவியாக எதையாவது சொல்லவேண்டும் என்று தேடி, கிடைத்த சொற்களைச் சேர்த்து, “அவர் நன்றாக ஓட்டுவார். நான் செபிப்பேன்,” என்றேன்.

டாக்டரின் விரல்கள் கம்ப்யூட்டரில் நின்றுவிட்டன.

“ஒவ்வொரு முறையுமா?”

“ஒவ்வொரு முறையும்.”

“எவ்வளவு நேரம்?”

“போய்ச் சேரும் வரைக்கும்.”

அதற்குப் பிறகு டாக்டர் நெடுநேரம் எழுதினார். முடிவில், தன்னால் இப்போது கையெழுத்து வைக்கமுடியாது, இரண்டு பிரேக் உள்ள காரில் ஒரு பரிசோதகர் பக்கத்தில் இருந்து இவர் ஓட்டுவதைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

கார் நிற்கும் இடத்துக்குப் போய் ஏறினோம். கதவைச் சாத்தியபிறகு இவர் தொடங்கினார்.

“உன்னை ஆர் செபிக்கிற கதை கதைக்கச் சொன்னது?”

“கேட்டவ. சொன்னனான்.”

“நீ நாற்பது வருசமாய் இஞ்சை வாய் திறக்கேல்லை. திறந்ததுதான் திறந்தாய், இண்டைக்கோ திறந்தாய்?”

செபமாலையைத் தொடங்கினேன். நாலாவது சந்தியில் வலப்பக்கத்தால் குப்பை லொறி ஒன்று வந்தது. சத்தத்தைக் கூட்டினேன். கோபத்தோடும் நிறுத்தினார்.

5

ஜெனி ஸ்தவாங்கரிலிருந்து விமானத்தில் வந்தாள். பிள்ளைகள் வரவில்லை. அவர்களுக்கு ஹாண்ட்போல் விளையாட்டுப் போட்டி. வந்திருந்தாலும் என்னோடு கதைக்க அவர்களிடம் பத்துச் சொல் தமிழும், என்னிடம் பத்துச் சொல் நோர்வேஜியமும்தான். அந்த இருபதையும் சாப்பாட்டுக்குச் செலவழித்துவிடுவோம்.

“அப்பாவைப் பழக்கிப்போட்டுப் போறன்,” என்று என்னைப் பின்னால் இருக்கச் சொல்லிவிட்டு அவள் முன்னால் ஏறினாள். தான் சொல்வது இவருக்குக் கேட்கவேண்டும் என்று என்னைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டாவது சந்தி. “அப்பா, வலதிலை ஆள்,” என்றாள். மூன்றாவது சந்தி. “அப்பா, வலது.” ஐந்தாவது சந்தியில் அவள் போட்ட கூப்பாட்டுக்கு, தெருவில் நாயோடு போன ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டார்.

“நீ கத்தினா நான் எப்பிடிப் பிள்ளை ஓடுறது? அம்மா இருந்தா இப்பிடிக் கத்தமாட்டா.”

ஜெனி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். காரை நிறுத்தச் சொல்லி என்னோடு இடம் மாறினாள். நான் முன்னால் இருந்தேன். எந்நாளும்போலச் செபமாலை சொன்னேன். எந்நாளும்போல இவர் அழகாக ஓட்டினார். ஜெனி பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து, இவர் மேல் கழுவப் போனபிறகு, குசினியில் வைத்துச் சொன்னாள்.

“அம்மா, நீங்கள்தான் கார் ஓடுறீங்கள். லைசன்ஸ் இல்லாமல்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

“உங்களுக்கு ஒருநாள் தடிமன் பிடிச்சுச் சத்தம் வராட்டி? கண் அயர்ந்தா? அந்த நேரம் பாத்து ஒரு பிள்ளை சைக்கிளிலை வலப்பக்கத்தாலை வந்தா?”

போன மாரியில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நான் ஒரு தரம் கண் அயர்ந்ததுண்டு. விழித்தபோது வீட்டு வாசலில் நின்றோம். இடையில் எத்தனை சந்தி, எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. அதை ஜெனிக்குச் சொல்லவில்லை. கையில் இருந்த வெங்காயத்தை உரித்துக்கொண்டு நின்றேன். உரிக்க ஒன்றும் இல்லாமல் போகும்வரை உரித்தேன்.

அன்று சாப்பிட்டபின், தகப்பனை ஆறுதல்படுத்த நினைத்தாளோ என்னவோ, “வாங்கோ அப்பா, உங்கடை சல்வா ரோட்டைப் பாப்பம்,” என்று போனில் அந்த ரோட்டின் படத்தைத் திறந்தாள். இப்போது எந்த ரோட்டையும் படத்தில் பார்த்துக்கொண்டே போகலாமாம். விரலால் தள்ளத் தள்ள ரோட்டு வந்தது. அகலமான ரோட்டு, நடுவில் விளக்குக் கம்பங்கள். டோஹாவிலிருந்து எல்லைக்கு ஒரு மணித்தியாலம்தான் என்று எழுதியிருந்தது.

“ஒரு மணித்தியாலமோ?” என்றாள் ஜெனி. “போன முறை அஞ்சு எண்டு சொன்னனீங்கள்.”

“லொறியிலை பிள்ளை. பாரத்தோடை.”

நான் எட்டிப் பார்த்தேன். இவ்வளவு நாளும் மனதுக்குள் இருந்த இடத்தை முதல்தரம் கண்ணால் பார்க்கிறேன். வழக்கத்தில் இல்லாத ஒரு துணிச்சல் வந்தது. “சல்வாப் பக்கமிருந்து இருபதாவது கிலோமீற்றருக்குப் போ. அங்கை ஒரு வேப்பமரம் நிக்கும்,” என்றேன். ஜெனி தள்ளினாள். மணல். “கொஞ்சம் முன்னுக்குப் பின்னுக்குப் பார்.” மணல். “தறிச்சுப்போட்டாங்களோ தெரியாது. அப்ப தேத்தண்ணிக் கடை? அதுக்குப் பக்கத்திலை ஆட்டுக்குட்டி படுக்கிற லொறி?”

இவர் மேசையில் இருந்த சோற்றுப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தார்.

“மரமும் இல்லை, கடையும் இல்லை,” என்றார்.

“இப்பவோ?”

“எப்பவும்.”

ஜெனி போனைக் கீழே வைத்தாள்.

“அப்ப ஏன் எழுதினனீங்கள்?” என்று கேட்டேன்.

“வேறை என்னத்தை எழுதிறது? தங்கச்சி வாசிக்க ஊரெல்லாம் கேக்கும். உனக்கு எழுத நினைச்சதை எழுதேலுமே? தாள் நிரம்பவேணும். நீ நெடுக வாசிக்கவேணும். அதாலை ஒரு மரத்தை வைச்சன். பிறகு மரத்துக்குக் கீழை இருக்க ஒரு ஆள் வேணுமெண்டு கடையை வைச்சன்.”

“ஆட்டுக்குட்டி?”

“அது உனக்கெண்டு வைச்சது.”

எனக்கு முகம் சுட்டது. எழுபத்தாறு வயதில், மகளுக்கு முன்னால். எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினேன். பின்னால் இவர் ஜெனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: “பக்கத்திலை பாக்க ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஏழு வருசம் நேரை மட்டும் பாத்து ஓடினனான். அந்தப் பழக்கம்.”

நான் தண்ணீரை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

6

பரிசோதனை நாள் காலையில் லிஃப்டில் பிலோமினா அக்கா ஏறினார். “நான் ஒன்பது மணியிலையிருந்து உங்களுக்காண்டி முழந்தாளிலை நிப்பன், தம்பி,” என்றார். பிறகு தன் முழங்காலைப் பார்த்துவிட்டு, “கதிரையிலை இருந்து,” என்று திருத்தினார். “ஞாயிற்றுக்கிழமை பத்துக்கு வெளிக்கிட்டு நிக்கிறன் என்ன?”

“பாப்பம்,” என்றார் இவர்.

ஜெனி முதல்நாளே போனில் சொல்லியிருந்தாள்: “அம்மா, நீங்கள் போகாதேங்கோ. போனா வாயைத் திறக்காதேங்கோ.” நான் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். இவர் என் குளிர்ச்சட்டையை எடுத்துக் கையில் தந்துவிட்டு, “செபமாலையை எடுத்தனியே?” என்று கேட்டார்.

பரிசோதகர் நரைத்த தாடியோடு ஒரு அமைதியான மனிதர். மனைவியும் வரலாமா என்று இவர் கேட்டார். பின்னால் இருக்கலாம், கதைக்கவோ கைகாட்டவோ கூடாது என்றார். அவர்களுடைய இரண்டு பிரேக் காரில் நான் பின்சீற்றில் வலப்பக்கமாக ஏறினேன். பரிசோதகர் இருந்த இடம் என்னுடையது.

பெரிய வீதியில் இவர் ஓட்டியதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கோடு கீறியதுபோல் ஓட்டினார். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பரிசோதகர் ஏதோ மெச்சினார். இவருடைய காது பின்னால் இருந்த எனக்குத் தெரியும்படி சிவந்தது. அப்படியே அந்த வீதி எல்லைவரை போயிருக்கக்கூடாதா என்று நினைத்தேன். பரிசோதகர் குடியிருப்புக்குள் திருப்பச் சொன்னார்.

முதலாவது சந்தி. வலப்பக்கம் ஒருவரும் இல்லை. இரண்டாவது. ஒருவரும் இல்லை. மூன்றாவது சந்தி வேலிக்குப் பின்னால் மறைந்திருந்தது. அந்த வேலியின் இடைவெளியில் நான் கண்டேன். ஒரு பெண் சைக்கிளில் வலப்பக்கத்து ஏற்றத்திலிருந்து இறங்கி வருகிறாள். சைக்கிளின் பின்சீற்றில் ஒரு பிள்ளை.

என் வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. ஐந்து வருடப் பழக்கம். கொஞ்சம் சத்தம் போட்டால் போதும். கடவுளை வேண்டிக்கொள்ளக்கூடாது என்று அந்த மனிதர் சொல்லவில்லை. இவர் நிற்பார், பரிசோதகர் மெச்சுவார், டாக்டர் கையெழுத்து வைப்பார், ஞாயிற்றுக்கிழமை அக்கா பத்துக்கு வெளிக்கிட்டு நிற்பார். பிறகு வேறொரு நாள், வேறொரு சந்தியில், என் கண் அயரும்.

இவர் காரைக் கொஞ்சம் மெதுவாக்கினார். கழுத்து அசையவில்லை. காது மட்டும் பின்னுக்கு வந்ததுபோல் இருந்தது.

“திரேசா,” என்றார் தமிழில், தாழ்ந்த குரலில். “என்ன, இண்டைக்கு ஒண்டும் இல்லையோ?”

அப்போதுதான் தெரிந்தது, இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல்நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. நான் இவருக்கு மறைத்தேன், இவர் எனக்கு மறைத்தார்.

நான் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். பரிசோதகரிடம் இன்னொரு பிரேக் இருக்கிறது, இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் மௌனத்தை இவர் வழி சும்மா கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டார். காலை அழுத்தினார்.

கார் குலுங்கி நின்றது. நிறுத்தியது இவர் இல்லை. சைக்கிள்காரி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே நன்றி என்று கையைத் தூக்கினாள். வழி விட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு காரை ஓரமாக விட்டு, தானே நிறுத்தினார்.

“போதும் என்று நினைக்கிறேன். நீங்கள்?” என்றார் பரிசோதகர்.

“போதும்,” என்றார் இவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு நியாயம் சொல்லவேண்டும் என்று பட்டிருக்கவேண்டும், நோர்வேஜியத்தில் சொன்னார்: “வலப்பக்கம் மனைவியின் வேலை.”

பரிசோதகர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

7

பரிசோதகர் எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். எங்கள் கார் அவர்களுடைய நிலையத்து வளவிலேயே நின்றது. சனிக்கிழமை ஜெனி வந்து எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு, திறப்பை இவர் என் கைப்பைக்குள் போட்டார். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நடந்தோம். எந்தப் பக்கம் ஏறுவது, அட்டையை எங்கே வைப்பது என்று இவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் முப்பது வருடம் பஸ்ஸில் துப்புரவு வேலைக்குப் போனவள்.

மூன்று நிறுத்தம் கடந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும்போலவும் இருந்தது, கேட்கக்கூடாது என்றும் இருந்தது.

“நீ கண்டனி, என்ன?” என்றார்.

“ஓம்.”

“பிள்ளையும் இருந்ததோ?”

“பின்னுக்கு. நீலத் தொப்பி போட்டிருந்தது.”

இவர் இரண்டு கையையும் துடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் காணேல்லை,” என்றார். “ஒருத்தரையும் காணேல்லை, திரேசா.”

நான் இவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில், பகலில், அத்தனை பேருக்கு முன்னால். இவர் கையை இழுக்கவில்லை.

அந்த நேரம் இவருடைய போன் அடித்தது. பிலோமினா அக்கா. கதிரையில் இருந்து செபித்து முடித்திருப்பார். இவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அன்றைக்கு நான் பேசாமல் இருந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன், பேசிச் செய்யவேண்டியதை இவர் செய்யட்டும் என்று யன்னலைப் பார்த்தேன்.

செருமிக்கொண்டு எடுத்தார்.

“ஓம் அக்கா. முடிஞ்சுது. இல்லை அக்கா, தரமாட்டாங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலைதான். ஒன்பதுக்கு வெளிக்கிட்டு நில்லுங்கோ, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன்.” பிறகு அங்கே என்ன கேட்டாரோ, இவருடைய குரல் கொஞ்சம் உயர்ந்தது, பழைய தினுசுக்கு வந்தது. “நான் பிழை விடேல்லை அக்கா. நல்லாத்தான் ஓடினனான். இவள்தான் செபிக்க மறந்துபோனாள்.”

“திரேசாவோ? மறந்தவளோ?” என்று அக்கா கேட்டது முன்சீற்றுவரை கேட்டது. இவர் கடைக்கண்ணால் என்னைப் பார்த்தார். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்க, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே சொல்கிறேன். நான் மறக்கவில்லை.